எனக்கு நானே எடுத்துக் கொடுத்த மருந்து

புதிதாக மருந்துக்கடைக் கவுண்டருக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஏதாவது எழுதுங்கள் என்று நம் வட்டாரத்துப் பிள்ளைகள் இரண்டு மாதமாக என்னை விரட்டிக்கொண்டிருக்கிறார்கள். முப்பத்தோரு வருடம் காரைக்குடியில் ஒரே கடையில் நின்றவள் என்பதால், என்னிடம் ஞானம் மூட்டை மூட்டையாக இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. மூட்டையில் பாதி நான் செய்த தப்புகள். காலாவதி தேதி பார்ப்பது, இன்சுலினைக் குளிரில் வைப்பது, ரெஜிஸ்டர் எழுதுவது எல்லாம் உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன. அதில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மருந்து தெரிந்தவளுக்கே நோய் வந்தால் என்ன கூத்து நடக்கும் என்பதுதான் அது. தாராளமாகச் சிரிக்கலாம், நானும் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எங்கள் கடை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நானும் செந்திலும் பார்மசிஸ்ட்டுகள். அவன் என்னைவிட இருபது வயது இளையவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், அதிகம் பேசமாட்டான். முதலாளி சாயங்காலம் மட்டும் வந்து எட்டிப்பார்ப்பார். கடைக்கு வருகிறவர்கள் என்னை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்கு வந்த புதிதில், நான் டாக்டர் இல்லை என்று ஒவ்வொருவரிடமும் திருத்திச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு வாய் வலித்து விட்டுவிட்டேன். விட்டது தப்பு. அந்த வார்த்தை மெல்ல மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஏழு வருடத்துக்கு முன்னால், காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிற புதுவயலில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். அரிசி ஆலைகளுக்கு முன்னால் நெல் லாரிகள் வரிசைகட்டி நின்றதில் பேருந்து நகரவில்லை. வெயில், நெரிசல், பின் இருக்கையில் ஒரு குழந்தையின் அழுகை, இதிலெல்லாம் புதிதாக ஒன்றும் இல்லை. திடீரென்று நெஞ்சு தடதடவென்று ஓட ஆரம்பித்தது. விரல்கள் மரத்துப்போயின, காது அடைத்தது. இன்னும் இரண்டு நிமிடத்தில் இந்த இருக்கையிலேயே சாகப்போகிறேன் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. இறங்கி ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று சொன்னேன். சாகிற நேரத்தில் எனக்குச் சொல்லத் தோன்றியது அவ்வளவுதான்.

அவர் பள்ளிக்கூட வாத்தியார், எதற்கும் பதறாத மனிதர். வண்டியில் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. அங்கே இருந்த சின்ன வயது டாக்டர், இதயத்தில் ஒன்றும் இல்லை, இது பேனிக் அட்டாக்காக இருக்கலாம், மனநல மருத்துவர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள் என்றார். நான் எல்லாம் தெரிந்தவள் போலத் தலையாட்டினேன். வீட்டுக்காரர் இதயம் நன்றாக இருக்கிறது என்ற சந்தோஷத்தில் அரைக்கிலோ அல்வா வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் அதை உட்கார்ந்து சாப்பிட்டோம். அத்தோடு அந்த விஷயம் முடிந்தது என்று நினைத்தோம்.

அது முடியவில்லை. அடுத்த வாரம் ரேஷன் கடை வரிசையில் வந்தது. அதற்கடுத்து, குளித்துக்கொண்டிருக்கும்போது வந்தது. வராத நாட்களிலும் வந்துவிடுமோ என்ற பயம் காலையில் பல் விளக்கும்போதே என்கூடச் சேர்ந்து எழுந்துவிடும்.

டாக்டர் சொன்ன இடத்துக்கு ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். காரைக்குடியில் நான் யார் வீட்டில் சர்க்கரை, யாருக்கு ரத்தக்கொதிப்பு என்று எல்லாம் தெரிந்த ஆள். என்னையும் எல்லோருக்கும் தெரியும். மனநல மருத்துவரின் வாசலில் என்னை ஒருத்தர் பார்த்தால் போதும், மறுநாள் யார் என் கையிலிருந்து மாத்திரை வாங்குவார்கள்? இந்தம்மா சரியான மாத்திரையைத்தான் எடுத்துத் தருகிறதா என்று ஒருத்தர் சந்தேகப்பட்டாலும், அப்புறம் அந்தக் கவுண்டரில் எனக்கு என்ன வேலை? எனக்கு அந்தக் கவுண்டர்தான் எல்லாம். பிள்ளை இல்லாதவள் நான். அந்த மூன்றடிப் பலகைக்குப் பின்னால் நிற்கும்போதுதான் நான் ஒரு ஆள் என்று எனக்கே தோன்றும். அதை இழந்துவிடுவேனோ என்ற பயம், நெஞ்சு படபடக்கிற பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அதனால் ஒரு முடிவுக்கு வந்தேன். முதுகுக்குப் பின்னால் அலமாரி நிறைய மருந்து இருக்கிறது, எதற்கு எது என்று எனக்குத் தெரியும், பிறகு டாக்டர் எதற்கு?

முதலில் சத்து மருந்துகளில் இருந்து தொடங்கினேன். அதில் ஆபத்து இல்லை என்று ஒரு நினைப்பு. மெக்னீசியம் நரம்பைத் தளர்த்தும் என்று கம்பெனிப் பிரதிநிதி ஒருவர் மாதிரிப் பெட்டி கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நரம்பு தளர்ந்ததோ இல்லையோ, வயிறு நன்றாகத் தளர்ந்தது. இரண்டு நாள் கவுண்டரில் நின்ற நேரத்தைவிடக் கழிப்பறையில் இருந்த நேரம் அதிகம். அடுத்து அமுக்கராக் கிழங்கு மாத்திரை, அஸ்வகந்தா என்பார்களே அதுதான். அதில் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணைச் சொருகியது. சிங்கப்பூரில் இருக்கும் என் நாத்தனார் மகள், தூக்கம் நன்றாக வரும் அத்தை என்று ஒரு டப்பா அனுப்பியிருந்தாள். கரடிக்குட்டி வடிவத்தில் சிவப்புச் சிவப்பாக ஜெல்லி மிட்டாய்கள். ருசி நன்றாக இருக்கிறதே என்று ஒன்றுக்கு இரண்டாகச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் காலையில் கவுண்டரிலேயே சாமியாடினேன். தூக்கத்தை விரட்டக் காபி குடித்தேன். காபி குடித்தால் நெஞ்சு படபடத்தது. படபடப்புக்கு இன்னொரு மாத்திரை, அந்த மாத்திரையின் மந்தத்துக்கு இன்னொரு காபி. ஒரு மாதம் இப்படியே ஓடியது. கைப்பை ஒரு சின்ன மருந்துக்கடை ஆகிவிட்டது.

ஒன்று மட்டும் செய்யவில்லை. பதட்டத்தைச் சட்டென்று அடக்கும், ஆனால் விடமுடியாத பழக்கமாகிவிடும் அல்ப்ராசோலத்தைத் தொடவில்லை. நான் ரொம்ப நியாயவாதி என்பதால் இல்லை. அதற்கு ரெஜிஸ்டரில் நோயாளி பெயர், டாக்டர் பெயர் எல்லாம் எழுத வேண்டும். என் பெயரை என் கையாலேயே எப்படி எழுதுவது என்ற கூச்சம்தான் என்னைக் காப்பாற்றியது. அந்தச் சட்டத்தை எழுதிய புண்ணியவான் யாரென்று தெரியவில்லை, நன்றாக இருக்கட்டும்.

பிறகுதான் ப்ரொப்ரானலாலுக்கு வந்தேன். நெஞ்சுப் படபடப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும் மாத்திரை. டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாததுதான், ஆனால் ரெஜிஸ்டரில் எழுத வேண்டியதில்லை. அலமாரியில் இருந்து ஒரு அட்டையை எடுத்து, காசைப் போட்டு, பில்லும் போட்டேன். பில் போட்டதால் எல்லாம் முறைப்படி நடந்ததாக ஒரு திருப்தி வேறு.

இந்த மாத்திரைக்குச் சீட்டோடு வருகிறவரிடமும் நாம் ஒரு கேள்வி கேட்போம். உங்களுக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இழுப்பு, மூச்சுத்திணறல், ஆஸ்துமா இருக்கிறதா, சின்ன வயதிலாவது இருந்ததா? புதுவயல் ஆலைகளில் தவிட்டுத் தூசியில் வேலை செய்து இழுப்போடு வருகிறவர்கள் எங்கள் கடைக்கு நிறையப் பேர். அதனால் அந்தக் கேள்வி என் வாயில் தானாக வரும். டாக்டர் சீட்டிலேயே இந்த மாத்திரை எழுதியிருந்தும், இழுப்பு உண்டு என்று சொன்னவர்களை நான் எத்தனையோ தடவை திரும்ப டாக்டரிடம் அனுப்பியிருக்கிறேன்.

எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது வரை மோசமான இழுப்பு இருந்தது. பருவம் வந்த பிறகு நின்றுவிட்டது. எப்போதாவது மழைக்காலத்தில் லேசாக வரும், போய்விடும். அதை நோய் என்று நான் நினைத்ததே இல்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரிடம் கேட்கிற கேள்வியை இந்தப் பக்கம் நிற்கிறவளிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

முதல் மூன்று நாள் சொர்க்கம். கை நடுங்கவில்லை, நெஞ்சு ஓடவில்லை. அடடா, இதை முதலிலேயே போட்டிருக்கலாமே என்று இருந்தது. நாலாம் நாள் சந்தை நாள். கிராமத்து ஜனம் எல்லாம் காய்கறியோடு மருந்தையும் வாங்கிக்கொண்டு போகிற நாள். காலையில் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு போனேன். பத்து மணிக்கு நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவது போல் இருந்தது. படபடப்பு வரப்போகிறது என்று நினைத்து இன்னொன்று போட்டேன். பதினொரு மணிக்கு ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்று சொல்ல மூன்று தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. வரிசையில் எட்டுப் பேர். மூன்றாவது மாத்திரையைக் கையில் எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் நூர்ஜஹான் வந்தாள். மூன்று கடை தள்ளித் தையல் கடை வைத்திருப்பவள். அவள் வீட்டுக்காரர் மலேசியாவில் இருக்கிறார். நான்கு வருடமாகப் பதட்ட நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறாள். நான் அவளுக்கு அந்த மாத்திரையைக் குரலைத் தாழ்த்திக் கொடுப்பேன். அவளோ ஊருக்கே கேட்கிற குரலில், என் பதட்ட மாத்திரை வந்துருச்சா அக்கா என்று கேட்பாள். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும், கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கும்.

அவள் வரிசையை விட்டுவிட்டு நேராகப் பலகைக்கு அருகில் வந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் மூச்சைக் காதுகொடுத்துக் கேட்டாள்.

"என்னக்கா செய்யுது?"

ஒன்றுமில்லை, கொஞ்சம் பதட்டம், சரியாகிவிடும் என்று கையால் காட்டினேன்.

"பதட்டம் எனக்குத் தெரியாதா? அது அலை மாதிரி ஏறும், அப்பறம் இறங்கிரும். எனக்கு வந்தா மூச்சு வேகமாப் போகும், விசில் அடிக்காது. உங்களுக்கு விசில் அடிக்குது. என்னத்தப் போட்டீக?"

ஒன்றும் போடவில்லை என்று தலையாட்டினேன். இத்தனை வருடம் கவுண்டரில் நின்றவள் சொன்ன பொய்யை ஒரு தையல்காரி நம்பவில்லை. தடுப்பைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, செந்திலிடம் ஆட்டோ பிடிக்கச் சொன்னாள். பிறகு என் கைப்பையை எடுத்துப் பலகை மேல் கவிழ்த்தாள். எல்லாம் கொட்டியது. மெக்னீசியம், அமுக்கரா, பெயர் தெரியாத மூன்று சத்து மாத்திரைகள், ப்ரொப்ரானலால் அட்டை. கரடிக்குட்டி டப்பா உருண்டு கீழே விழுந்தது. வரிசையில் நின்ற பெரியவர் அதை எடுத்து, இது என்ன மிட்டாயா என்று கேட்டார். எட்டுப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மூச்சு முட்டியதில் வெட்கப்படக்கூட நேரமில்லை, அந்தமட்டுக்கு நல்லதாகப் போயிற்று.

அவள் ஒன்றையும் விடாமல் ஒரு மஞ்சப்பையில் அள்ளிப்போட்டுக்கொண்டு என்னோடு ஆட்டோவில் ஏறினாள். டாக்டரிடம் போகும்போது சாப்பிடுகிற அத்தனையையும் கொண்டுபோக வேண்டும் என்பது அவளுடைய டாக்டர் அவளுக்குப் போட்ட சட்டமாம். உங்களிடம் மருந்து வாங்குகிற ஒவ்வொருவருக்கும் அந்தச் சட்டத்தைச் சொல்லிக்கொடுங்கள். சீட்டில் எழுதியதை மட்டுமல்ல, வெளிநாட்டில் இருந்து வந்தது, பக்கத்து வீட்டில் கொடுத்தது, யூடியூப் பார்த்து வாங்கியது, எல்லாவற்றையும் கொண்டுபோகட்டும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்த உடனே இழுப்பு என்றார். மாஸ்க் மாட்டி மருந்துப் புகை பிடிக்கவைத்தார்கள். அரை மணி நேரத்தில் மூச்சு வழிக்கு வந்தது. அவர் மஞ்சப்பையில் இருந்த அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, என்னை அடையாளம் தெரிந்ததும் கொஞ்சம் கோபமாகவே கேட்டார். "இந்த மாத்திரையைக் குடுக்கும்போது இழுப்பு இருக்கான்னு கேக்கணும்னு உங்களுக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும் சார். எல்லார்கிட்டயும் கேப்பேன். என்கிட்டக் கேக்கத்தான் ஆளு இல்ல."

அவர் சிரிக்காமல் இருக்க முயன்று முடியாமல் திரும்பிக்கொண்டார். மூன்றாவது மாத்திரையையும் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொன்னபோது மட்டும் யாரும் சிரிக்கவில்லை. நூர்ஜஹான் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து, வாரத்தில் இரு தினம் காரைக்குடிக்கு வந்துபோகும் மனநல மருத்துவரிடம் வீட்டுக்காரரோடு போனேன். வாசலில் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு இறங்கினேன். உள்ளே போனால், உட்கார்ந்திருந்த ஆறு பேரில் நாலு பேர் என் வாடிக்கையாளர்கள். அவர்களும் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார்கள், நானும் அவர்களைப் பார்த்துத் திடுக்கிட்டேன். பிறகு எல்லோரும் ஒன்றும் நடக்காததுபோல டிவியைப் பார்த்தோம். டிவி ஓடவில்லை.

அந்த டாக்டர் மாத்திரை எழுத அவசரப்படவில்லை. மஞ்சப்பையை மேஜையில் கொட்டி ஒவ்வொன்றாகக் கேட்டார். தைராய்டு பார்த்தாயிற்றா, சர்க்கரை எவ்வளவு, இழுப்பு எப்போதில் இருந்து, வீட்டில் யாருக்காவது இப்படி உண்டா, ஒரு நாளைக்கு எத்தனை காபி? நாலு என்றேன். பக்கத்தில் வீட்டுக்காரர் இருமினார். ஏழு என்று திருத்தினேன். இயற்கை மருந்து என்றால் எதோடும் சேரும் என்று அர்த்தம் இல்லை என்றும், தைராய்டு மாத்திரையோ தூக்க மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் அமுக்கராவைக் கேட்காமல் தொடவே கூடாது என்றும் சொன்னார். எனக்கு இது முன்பே தெரியும். ஆனால் தெரிந்ததை எனக்காக யோசிப்பதற்கு எனக்கு வெளியே ஒரு ஆள் தேவைப்பட்டார். பதட்டத்தில் இருக்கிற மூளை தனக்குச் சாதகமாகத்தான் யோசிக்கும்.

கடைசியில் ஒரே ஒரு மாத்திரை எழுதினார். தினம் ஒன்று. வேலை செய்ய மூன்று நாலு வாரம் ஆகும், முதலில் பதட்டம் கொஞ்சம் கூடினாலும் கூடும், நீங்களாக நிறுத்தக் கூடாது, கூட்டவும் கூடாது, தாங்க முடியாவிட்டால் போன் பண்ணுங்கள் என்றார். கூடவே மூச்சுப்பயிற்சி, வாரம் ஒரு தடவை ஆலோசகரோடு பேச்சு. காபி இரண்டுக்கு மேல் கூடாது என்றபோதுதான் எனக்கு உண்மையிலேயே கண்ணீர் வந்தது.

ஒரு மாதம் லீவு போட்டேன். ஒன்பதாம் நாள் தாங்க முடியவில்லை. உடம்புக்குள் எறும்பு ஊர்வது போல ஒரு நிலைகொள்ளாமை. இந்த டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை, மாத்திரையை மாற்ற வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்று மண்டைக்குள் இருந்த டாக்டரம்மா மறுபடி எழுந்துவிட்டாள். கூச்சமும் போய்விட்டது. செந்திலுக்குப் போன் போட்டு, அல்ப்ராசோலம் ஒரு அட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பச் சொன்னேன்.

"சீட்டு இருக்காக்கா?" என்றான்.

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. யாரிடம் கேட்கிறாய், நான் யார் தெரியுமா என்று என்னென்னவோ கத்தினேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சீட்டு இல்லாமத் தரமாட்டேன்க்கா. டாக்டருக்குப் போனைப் போடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அதுவரை கூட வேலை பார்த்த ஏழு வருடத்தில் அவன் என்னை எதிர்த்துப் பேசியது அந்த ஒரு தடவைதான். நம் தொழிலில் ஆகக் கடினமான வேலை எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். தெரியாதவரிடம் இல்லை என்று சொல்வது எளிது. தினமும் பக்கத்தில் நிற்கிறவரிடம், வேலை கற்றுக்கொடுத்தவரிடம், அழுகிற குரலிடம் இல்லை என்று சொல்ல நெஞ்சில் உரம் வேண்டும். அவனுக்கு இருந்தது.

கால்மணி நேரம் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டு டாக்டருக்குப் போன் பண்ணினேன். இது எதிர்பார்த்ததுதான், இரண்டு நாளைக்கு அளவைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள், பிறகு ஏற்றலாம் என்றார். அவ்வளவுதான் விஷயம். ஒரு போன். சாயங்காலம் நூர்ஜஹான் வந்து, அவளுக்கும் முதல் இரண்டு வாரம் அப்படித்தான் இருந்தது என்றும், அப்போது கோபத்தில் ஒரு கல்யாண ஜாக்கெட்டைத் தப்பாக வெட்டி, பெண் வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதாகவும் சொன்னாள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நாலாவது வாரம் ஒரு காலையில் பல் விளக்கும்போது, இன்றைக்குப் பயம் என்கூடச் சேர்ந்து எழுந்திருக்கவில்லையே என்று கவனித்தேன்.

ஆனால் கவுண்டர் பயம் மட்டும் அப்படியே இருந்தது. பை கவிழ்ந்த கதை சந்தை நாளிலேயே ஊர் முழுக்கப் போய்விட்டது. டாக்டரம்மாவுக்கே மண்டையில் கோளாறாம் என்று யாரோ சொன்னதாகக் காதில் விழுந்தது. வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். போகிறேன், நிற்கிறேன், ஒரே ஒருத்தர் என் கையில் இருந்து மருந்து வாங்கத் தயங்கினாலும் சுவரில் தொங்குகிற என் சான்றிதழைக் கழற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன். அவர் சரி என்றார். எதற்கும் பை பெரிதாக எடுத்துக்கொண்டு போ, சான்றிதழின் கண்ணாடிச் சட்டம் அகலம் என்றார். அவர் அப்படித்தான்.

முதல் நாள் காலையிலேயே வரிசையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். இரண்டாவதாக வந்தவர் அரியக்குடிக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும், நல்ல உடம்பு. பலகை மேல் குனிந்து, மெதுவான குரலில் சொன்னார். அடிக்கடி நெஞ்சு படபடவென்று வருகிறது, ஈசிஜி பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை என்கிறார்கள், சீட்டு எல்லாம் இல்லை, இயற்கை மருந்தாக நல்லதாகப் பார்த்து ஏதாவது கொடுங்கள். கண்ணுக்கு எதிரே அமுக்கரா டப்பா இருந்தது. கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பார். யாரும் தப்பு சொல்லியிருக்கமாட்டார்கள். எனக்கும் வம்பில்லை.

நான் குரலைத் தாழ்த்தவில்லை. "அண்ணே, இதே மாதிரி எனக்கும் இருந்துச்சு. நானாப் பாத்து மருந்து எடுத்துச் சாப்பிட்டுச் சாகப் பாத்தேன். இப்ப டாக்டர்கிட்டக் காட்டி மாத்திரை சாப்பிடுறேன். நீங்களும் போய்க் காட்டுங்க. நான் இன்னைக்கு உங்களுக்கு எதுவும் தர்றதா இல்ல."

அவர் நிமிர்ந்து என் முகத்தையும், பிறகு என் கையையும் பார்த்தார்.

"மாத்திரை சாப்பிட்டுக்கிட்டா எங்களுக்கு மாத்திரை எடுத்துத் தாரீக?"

ஒரு மாதமாக நான் கனவிலும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. "ஆமாண்ணே. காலையில போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்" என்றேன். கண் தன்னால் சுவரில் இருந்த சான்றிதழ் பக்கம் போனது.

அவர் தலையாட்டினார். "அப்பச் சரி. அந்த டாக்டரு எங்குட்டு இருக்காரு? எழுதிக் குடுங்க" என்றார். எழுதினேன். பின்னால் நின்ற பெண்பிள்ளை, நீங்கள் கொஞ்சம் நகருங்கள் அண்ணே என்று அவரைத் தள்ளிவிட்டு, தன் அக்காவுக்கு என்று அந்த முகவரி ஒன்று எழுதி வாங்கிக்கொண்டாள். சர்க்கரை மாத்திரைக்கு வந்த பெரியவர் ஒருவர் தன் மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுவிட்டு, யாருக்கு என்று சொல்லாமல் ஒன்று வாங்கிக்கொண்டார். மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

மத்தியானம் கூட்டம் குறைந்தது. நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். செந்தில் அலமாரியில் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தவன், திரும்பாமலேயே பேசினான்.

"அக்கா, அந்த அட்ரஸ எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க."

யாருக்குப்பா என்று கேட்டேன்.

"எனக்குத்தான்க்கா. ரெண்டு வருஷமா இருக்கு."

ஏழு வருடம் என் முழங்கைக்குப் பக்கத்திலேயே நின்றவன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவனுக்கும்தான். பில் புத்தகத்தில் இருந்து ஒரு தாளைக் கிழித்து, டாக்டர் பெயரையும் இடத்தையும் அவர் வருகிற நாட்களையும் தெளிவாக எழுதிக் கொடுத்தேன். அவன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அன்றைக்குச் சாயங்காலமே டாக்டர் வருகிற நாள் என்பதால், நான் கடையைப் பார்த்துக்கொள்கிறேன், நீ இப்போதே கிளம்பு என்று அனுப்பிவைத்தேன்.